ஆபத்சகாயம் மாஸ்டர் நிம்மதி அடைந்த கதை

அரியநல்லூரில் கல்யாணச் சமையல் என்றால் ஆபத்சகாயம் மாஸ்டர்தான். ஊரில் வேறு ஆள் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். சோறு வடிப்பது குஞ்சிதபாதம், காய் நறுக்குவது சாரங்கன், பரிமாறுவது தங்கப்பழம். மூவருக்கும் தங்கமான மனசு. மூளையைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. சாம்பார் நன்றாக இருந்ததால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

ஒரு வளைகாப்பில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டருக்குத் தலை சுற்றியது. கரண்டியை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் அவரையும் கரண்டியையும் தாங்கிப் பிடித்துக் கடைத்தெரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா மாஸ்டரின் கையில் ஒரு பட்டையைச் சுற்றி, மேஜை மேலிருந்த சின்னப் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். பெட்டி உறுமியது. சிவப்பாக எண் தெரிந்தது.

"நூத்தி எண்பது," என்றார்.

"ஆளா, இலையா?" என்று கேட்டான் குஞ்சிதபாதம்.

"ரத்த அழுத்தம்ப்பா!" என்றவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மனசுல என்ன கவலை உங்களுக்கு?"

மாஸ்டர் கண் கலங்கிவிட்டார். இருபத்தாறு வருஷச் சமையலில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "படுத்தா அடுத்த வாரக் கல்யாணம்தாம்மா கண்ணு முன்னால வருது. நாலு அடுப்பும் ஒரே நேரத்துல எரியும், நாலையும் நான்தான் பார்க்கணும். யார் என்ன கேட்டாலும் சரின்னு தலையாட்டிடறேன். எதுக்கு இந்தப் பொழப்புன்னே தெரியலம்மா."

டாக்டரம்மா நல்லவர். வெளியே இருபது பேர் காத்திருந்தும் நிதானமாகச் சொன்னார். "நாளைக்கு உள்ளதை நாளைக்கு நினைச்சாப் போதும். ஒரு நேரத்துல ஒரு வேலை செய்யுங்க. தினம் ஒரு தடவையாவது 'முடியாது'ன்னு சொல்லிப் பழகுங்க. எதைச் செஞ்சாலும் எதுக்குச் செய்யறோம்னு உங்களையே கேட்டுக்குங்க. வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். அப்புறம், உப்பைக் குறைங்க."

வெளியே வந்ததும் மூன்று பேரும் வாசற்படியில் நின்று யோசித்தார்கள்.

"இதெல்லாம் மாஸ்டருக்கு மட்டுமா, நமக்கும் சேர்த்தா?" என்றான் தங்கப்பழம்.

"நோய் மாஸ்டருக்கு. ஆனா சமைக்கிற கை யாரோடது?" என்றான் சாரங்கன்.

"நம்மோடது."

"அப்ப வைத்தியமும் நமக்குத்தான்."

மாத்திரையை மட்டும் மாஸ்டர் தனியாகச் சாப்பிடுவது என்று முடிவானது. சீட்டில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ரைஸ் மில் கோதண்டபாணி வீட்டுக் கல்யாணம். ஒரே பெண். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர்க்காரர்கள், சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பதில் பேர் போனவர்கள். கோதண்டபாணி ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. சமையல் ஆட்கள் வியாழக்கிழமை மதியமே மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் போன் செய்தார்.

"மாஸ்டர், எங்க இருக்கீங்க? மாவு ஆட்டணுமே! நாளைக்குக் கல்யாணம்!"

"நாளைக்குத்தானே?" என்றார் மாஸ்டர் கனிவாக. "அதை நாளைக்கு நினைச்சுக்கலாம்."

போனை வைத்துவிட்டு வாய்க்கால் கரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு கொக்கு மீன் பிடித்தது. அதை முழுசாகப் பார்த்தார். தன் வாழ்நாளில் ஒரு கொக்கை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா தெய்வம் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நால்வரும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலை டிபனுக்கு இட்லி. மாவு இல்லை.

"மாவை நேத்தே ஆட்டியிருக்கணும்," என்றான் குஞ்சிதபாதம்.

"நேத்து ஆட்டியிருந்தா அது நாளையை நினைச்ச மாதிரி ஆகியிருக்கும்," என்றான் சாரங்கன். "இன்னிக்கு ஆட்டினா நாளைக்குத்தான் புளிக்கும். அதுவும் நாளையை நினைக்கிறதுதான்."

இட்லி என்பதே கவலையில் பிறந்த பலகாரம் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. உப்புமா கிண்டலாம் என்றார் மாஸ்டர்.

ரவையைக் கொட்டும் நேரத்தில் தங்கப்பழம் அவர் கையைப் பிடித்தான். "மாஸ்டர், உப்பைக் குறைக்கச் சொன்னாங்களே! உப்புமாவுல உப்பைக் குறைச்சா?"

குஞ்சிதபாதம் விரல் விட்டுப் பார்த்தான். "மா."

எனவே காலையில் நானூறு பேருக்கு மா பரிமாறப்பட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகலிங்கம் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது என்னய்யா?" என்றார்.

"மா," என்றான் தங்கப்பழம்.

தன்னை 'மாமா' என்று கூப்பிட வந்து பாதியில் நிறுத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மதியச் சமையல். நான்கு அடுப்பில் ஒன்றை மட்டும் மூட்டினார்கள். குஞ்சிதபாதம் சோறு வடிக்க, மற்ற மூவரும் கைகட்டி நின்று அதைப் பார்த்தார்கள். சோறு முடிந்ததும் சாரங்கன் பூசணிக்காயைக் கையில் எடுத்தான். கத்தியை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாஸ்டர், இதை எதுக்கு வெட்டறோம்?"

"கூட்டுக்கு."

"கூட்டு எதுக்கு?"

"சாப்பிட."

"எதுக்குச் சாப்பிடணும்?"

"உயிரோட இருக்க வேண்டாமா?"

"எதுக்கு உயிரோட இருக்கணும்?"

மேளச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு எழுந்தார்கள். கல்யாணமே முடிந்தது, கேள்வி முடியவில்லை. கடைசியில் குஞ்சிதபாதம்தான் மெல்ல வாயைத் திறந்தான்.

"நாம உயிரோட இல்லன்னா இந்தப் பூசணிக்காயை யார் வெட்டுவாங்க?"

நால்வருக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆக, இதற்காகத்தான் பிறந்திருக்கிறோம்! மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய விஷயத்தை அவசரப்பட்டு வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. பூசணிக்காயைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பதினொரு மணிக்கு முதல் பந்தி. இலை போட்டாயிற்று. தங்கப்பழம் சோறு போட்டான். அதோடு சரி. நூறு பேர் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சாம்பார் கொண்டு வாப்பா," என்றார் நாகலிங்கம்.

தங்கப்பழத்தின் முகம் மலர்ந்தது. "முடியாதுங்க!"

சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். "மாஸ்டர், இன்னிக்கு உண்டான 'முடியாது'வைச் சொல்லிட்டேன்!" மற்ற இருவரும் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். குஞ்சிதபாதத்துக்கும் ஆசை வந்தது. பந்திக்குப் போய் யாராவது ஏதாவது கேட்பார்களா என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர் கேட்டார். தன் 'முடியாது'வை முடித்துக்கொண்டு திரும்பினான். சாரங்கனுக்குத்தான் யாரும் கிடைக்கவில்லை. அவன் ஒரு கைக்குழந்தையின் முன்னால் போய் நின்றான். அது எதுவும் கேட்கவில்லை.

பந்தியில் சத்தம் ஏறியது. "எந்திரிங்கய்யா, போகலாம்!" என்று நாகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். கோதண்டபாணி சமையல்கட்டுக்குள் ஓடி வந்தார். மூட்டாத மூன்று அடுப்பையும் பார்த்தார். வெட்டாத பூசணிக்காயையும் பார்த்தார். மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், உங்க கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன். என் பொண்ணு வாழ்க்கை. ஒரு சாம்பார். ஒரே ஒரு சாம்பார் வைங்க."

மாஸ்டரின் தலை பழக்கத்தில் 'சரி' என்று ஆட ஆரம்பித்தது. பிள்ளைகள் மூன்று பேரும் கண்ணாலேயே தைரியம் சொன்னார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியாது."

ஆஹா! உள்ளங்காலிலிருந்து உச்சி வரை என்ன ஒரு குளிர்ச்சி! இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போனோமே என்று நினைத்தபடி மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கோதண்டபாணியைக் காணோம். கீழே பார்த்தார். தரையில் கிடந்தார்.

பெண் வீட்டுப் பெண்கள் அலறிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முதல்ல இந்த நாலு பேரையும் வெளியே அனுப்புங்க" என்றார். அவரே மீதி மூன்று அடுப்பையும் மூட்டினார். பெண்ணின் அத்தை ஒரே போடில் பூசணிக்காயை இரண்டாக்கினார். சாரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு மணிக்கெல்லாம் சாம்பார், கூட்டு, ரசம் எல்லாம் இறங்கின என்றும், நாகலிங்கம் மூன்று தடவை சோறு வாங்கினார் என்றும் பிறகு கேள்வி. சம்பந்திகள் இன்றுவரை ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

நால்வரும் கோதண்டபாணியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் வந்தார்கள். பெட்டி உறுமியது. நூற்றுத் தொண்ணூறு.

"உங்களுக்கும் பார்த்துடலாம்," என்று மாஸ்டரின் கையில் பட்டையைச் சுற்றினார் டாக்டரம்மா. நூற்று இருபது. அவருக்கே ஆச்சரியம். "பிரமாதம்! என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்னதைத்தாம்மா. ஒண்ணு விடாம."

டாக்டரம்மா சந்தோஷத்தோடு, அப்போதுதான் கண் விழித்த கோதண்டபாணி பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? நீங்களும் இவர் மாதிரி..." கோதண்டபாணி போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். டாக்டரம்மா ஊசி எடுத்துவர உள்ளே ஓடினார்.

நால்வரும் மேஜை மேலிருந்த பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றான் சாரங்கன். "கையை அழுத்தினது அந்தப் பெட்டிதான்."

"ஆமாம், எனக்கும் நல்லா அழுத்திச்சு," என்றார் மாஸ்டர்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேரை அழுத்தும்?"

குஞ்சிதபாதம் வெளியே எட்டிப் பார்த்து எண்ணினான். "இப்பவே இருபத்திரண்டு பேர் இருக்காங்க."

"ஒரு நாளாவது லீவு போட்டிருக்குமா?"

தங்கப்பழம் பெட்டியை மெல்லத் தடவிக் கொடுத்தான். "பாவம் மாஸ்டர் அது. எப்படி உறுமிச்சு பாருங்க."

டாக்டரம்மா ஊசியோடு திரும்பியபோது மேஜை காலியாக இருந்தது. பதறிப்போய்ப் பின்வாசல் வழியாக ஓடினார். அங்கே புங்கமர நிழலில் ஒரு பெஞ்சு. அதில் துண்டை விரித்து, கைப்பட்டையை மடித்துத் தலைக்கு வைத்து, பெட்டியைப் படுக்க வைத்திருந்தார்கள். தங்கப்பழம் மருந்துச் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரமாக யாரும் பொத்தானை அமுக்காததால் பெட்டியின் சிவப்பு எண்கள் தானாகவே அணைந்திருந்தன.

"என்னய்யா பண்றீங்க!" என்று கத்தினார் டாக்டரம்மா.

ஆபத்சகாயம் மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. இப்பத்தான் கண்ணை மூடிச்சு."