இலை போடாத விருந்து

முன்னொரு காலத்தில் மேல்கரை நாட்டை விசயபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருடைய அரண்மனைச் சமையற்காரி பவளாயி, அன்று விடிந்ததிலிருந்து ஒரே பேச்சைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா முன்னால் அதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் கை போய்விடும்.

விஷயம் இதுதான். ஏழு தலைமுறையாகக் கடல் வியாபாரம் மேல்கரையின் கையில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழ்க்கரை, நேற்றுவரை உப்பளமும் வாழைத்தோப்புமாகக் கிடந்த ஊர். இப்போது அங்கே ஓர் இளம் ராஜா. துறை கொள்ளாத கப்பல்கள். விசயபூபதிக்குச் சோறு இறங்கவில்லை.

மந்திரி வல்லபர் ஒரு யோசனை சொன்னார். கீழ்க்கரைச் சரக்கு எதுவும் அரண்மனைக்குள் இருக்கக்கூடாது, தொட்டவர் கையை வெட்ட வேண்டும், ஆற்றில் காவல் படகுகளை நிறுத்தி நம் அரிசி அங்கே போகாமல் தடுக்க வேண்டும், நாலே நாளில் அவர்கள் காலில் விழுவார்கள் என்றார். தன் யோசனையைவிடப் பவளாயியின் ரசத்தையே ராஜா அதிகம் புகழ்கிறார் என்ற எரிச்சலும் அவருக்கு உண்டு. ராஜா சம்மதித்தார். அந்தச் சரக்கு இல்லாமலே மறுநாள் விருந்து என்றும் அறிவித்தார்.

பந்தியில் சபை உட்கார்ந்தது. எதிரே வெறுந்தரை.

"இலை எங்கே?" என்றார் ராஜா.

"வாழைத்தோப்பு கீழ்க்கரையில இருக்கு மகாராஜா."

இலையில் முதலில் வைக்கிற உப்பும் அந்த ஊர் அளத்து உப்புதான், மிளகும் விறகும்கூட அங்கிருந்துதான் என்று பவளாயி சொன்னாள்.

வல்லபர் சிரித்தார். "சோம்பேறிக்கு ஒரு சாக்கு. கீழ்க்கரை இல்லாவிட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்?"

"உங்களுக்குத்தான் சாமி முதல்ல குறையும். நீங்க கட்டியிருக்கிற பட்டு கீழ்க்கரைத் தறியில நெய்தது. நான் தொட்டா என் கை போயிடும். நீங்களே அவிழ்த்துக் குடுத்துடுங்க."

வல்லபர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சபை குலுங்கியது. ராஜாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "அப்படியானால் அந்தப் பையன் என்னைத் தாண்டிப் போகட்டும் என்கிறாயா?"

"அது எனக்குத் தெரியாது மகாராஜா. ஆனா அங்கேயும் ஒருத்தி உலை வைக்க முடியாம நிப்பா. அவங்க பொங்கறது நம்ம அரிசி."

ராஜா உத்தரவைத் திரும்பப் பெற்றார். காவல் படகுகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், அரிசிப் படகுகள் கீழ்க்கரைக்குப் போகட்டும் என்றார். கீழ்க்கரை ராஜாவை விருந்துக்கு அழைத்து வர, அதே பட்டோடு வல்லபரே போக வேண்டியதாயிற்று.

"உனக்கு என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

பவளாயி வல்லபரின் முகத்தைப் பார்த்தாள்; சட்டியில் எதையாவது கலந்துவிட்டுப் பழியை அவள் தலையில் போடக் காத்திருக்கும் முகம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குப் பொன்னும் வேண்டியிருக்கவில்லை, பதவியும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சட்டியிலும் முதல் கவளத்தை மந்திரியே, ராஜா கண்ணெதிரில், தினமும் சாப்பிட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் கதவோரம் நின்று, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பினாள்.