யானையக்கா தோண்டாத கிணறு

"வாயைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? எனக்குக் கழுத்து வலிக்கிறது!"

இப்படிக் கத்தியது யார் தெரியுமா, குழந்தைகளே? நெருப்புக்கோழி. ஆப்பிரிக்காவில், மணல் மட்டுமே மிச்சமிருந்த ஓர் ஆற்றில், விலங்குகள் எல்லாம் வாயைப் பிளந்தபடி வரிசையில் நின்றன. தூரத்து ஏரியிலிருந்து தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து ஆளுக்கொரு வாய் ஊற்றுவாள் யானை. கோடை முழுக்க அவளுக்கு இதே வேலை.

"உனக்குக் கழுத்து வலிக்கிறதாக்கும்! நடந்து நடந்து என் கால் தேய்ந்ததை யாராவது கேட்டீர்களா?" என்றாள் யானை.

அன்று அவளுக்கு மனசு சரியில்லை. நாளை மறுநாள் அவளுடைய கூட்டம் வடக்கே கிளம்புகிறது. அவளும் போயாக வேண்டும். அப்புறம் இதுகள் வாயில் யார் ஊற்றுவார்கள்? மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே! ஒரு வாரமாவது தாங்குமா?

"போன வருஷம் ஒரு கிணறு தோண்டிக் கொடுத்தேனே, அது என்னவாயிற்று?"

"மணல் விழுந்து மூடிவிட்டது," என்றது வரிக்குதிரை.

"அள்ளிப் போட வேண்டியதுதானே?"

"அதெப்படி யானையக்கா? அது உங்கள் கிணறு. நீங்களே வந்து பார்த்துக்கொள்வீர்கள் என்று விட்டுவிட்டோம்."

யானைக்குச் சுருக்கென்றது. இடம் பார்த்தது அவள், தோண்டியதும் அவள். ஒத்தாசைக்கு ஒருவரையாவது கூப்பிட்டாளா?

"சரி. இந்த முறை நான் தோண்டமாட்டேன். மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. ஏ காட்டுப்பன்றி, உன் மூக்கு என்ன அழகுக்கா? மோந்து பார்!"

"கிழங்கு தேடுவதுபோலவா?"

"அதேதான். கொஞ்சம் ஆழமாக."

பன்றி முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டு, மோந்துகொண்டே நகர்ந்தது. "இங்கே ஈர வாடை!" என்று கத்தியது. தந்தப் பல்லால் அது கிளற, வரிக்குதிரை குளம்பால் மணலைத் தள்ளியது. குழி இடுப்பளவு போனதும் பொலபொலவென்று சரிந்தது. பன்றியின் முகமெல்லாம் மணல்.

யானையின் தும்பிக்கை துறுதுறுத்தது. அவளுக்கு அது ஒரு நிமிஷ வேலை! சட்டென்று தும்பிக்கையைச் சுருட்டித் தன் வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டாள்.

"அகலமாகத் தோண்டுங்கள்," என்று அந்த வாயோடு குழறலாகச் சொன்னாள். அவ்வளவுதான்.

அகலமாகத் தோண்டின. வெயில் சாயும் நேரத்தில் குழியின் அடியில் தண்ணீர் மினுமினுத்தது. பன்றிக்குட்டிகள் முதலில் குடித்தன. தாகம் தாங்காமல் யானையும் ஒரு கால் எடுத்து வைத்தாள்.

"நில்லுங்கள்!" என்று குறுக்கே பாய்ந்தது பன்றி. "உங்கள் கனத்துக்குக் கரை சரிந்துவிடும். வரிசையில் வாருங்கள் யானையக்கா. இது எங்கள் கிணறு!"

அத்தனை பெரிய யானையை இத்தனூண்டு பன்றி மிரட்டியது. யானைக்குச் சந்தோஷத்தில் காது இரண்டும் படபடத்தன. வரிக்குதிரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

சொன்ன நாளில் யானைக்கூட்டம் கிளம்பியது. கிணற்றில் விழுந்த மணலைப் பன்றியும் வரிக்குதிரையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன.

பழைய இடத்தில் நெருப்புக்கோழி மட்டும், கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி நின்றது.

"யாராவது வந்து ஒரு வாய் ஊற்றுங்களேன்!"

இந்தக் கதையின் நீதி: தம் கையால் செய்ததைத்தான் யாரும் தமது என்று காப்பார்கள்; உதவ வந்தவர் தம் கையை அடக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.