முள்ளி வரைந்த ஆட்காட்டி

காட்டோரத்தில், செங்கலுக்கு மண் எடுத்துவிட்டு மனிதர்கள் கைவிட்டுப் போன ஒரு பள்ளம் இருந்தது. முள்ளி என்ற முள்ளம்பன்றியும் அவள் கணவன் சிலும்பனும் ஓடையிலிருந்து அதற்கு ஒரு வாய்க்கால் தோண்டினார்கள். ஐப்பசி மழையில் பள்ளம் நிறைந்தது. கரையில் கோரைக்கிழங்கு நட்டார்கள். நட்டதில் பாதியைச் சிலும்பனே தின்றுவிட்டான். மீதி முளைத்தது.

தவளை வந்தது, தட்டான் வந்தது. பங்குனியில் பறவைகள் முட்டையிட வந்தன.

முள்ளிக்கு ஒரு ஆசை உண்டு. பழைய சூளைச் சுவரில், அங்கே கிடக்கும் கரித்துண்டால், பறவைகளை வரைவாள். முக்குளிப்பானை வரைந்தாள். கொக்கை வரைந்தாள். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆட்காட்டிக் குருவி மட்டும் வெட்டவெளித் தரையில் நான்கு முட்டை இட்டிருந்தது. பார்த்தால் கூழாங்கல் போலவே இருக்கும். முள்ளியை நம்பி அவளுக்கு மட்டும் இடத்தைக் காட்டியிருந்தது. அது அடைகாப்பதை முள்ளி அழகாக வரைந்தாள்.

மறுநாள் கீரி வந்தது. இப்படி ஒரு கை இந்தக் காட்டிலேயே இல்லை என்று வெகுநேரம் புகழ்ந்தது. பிறகு சொன்னது:

"அக்கா, முட்டையும் தெரிஞ்சா படம் இன்னும் நல்லா இருக்கும். பக்கத்துல கல் இருக்கா, மரம் இருக்கா? அதையும் போடுங்க. அப்போதான் படம் முழுசாகும்."

முள்ளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே முட்டைகளை வரைந்தாள். பக்கத்திலிருந்த பிளந்த பாறையையும் வரைந்தாள். அடுத்து அங்கே நின்ற பனையை வரையப் போனபோது கை நின்றது. கீரி கல்லைக் கேட்டது, மரத்தைக் கேட்டது. பறவையின் கண்ணைப் பற்றியோ காலைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே!

உடனே பாறையைப் பாதத்தால் தேய்த்து அழித்தாள். ஆட்காட்டியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"உன்னை நம்பித்தானே காட்டினேன்?" என்றது ஆட்காட்டி.

"தப்புதான். நானே சரி செய்றேன்" என்றாள் முள்ளி.

திரும்பி வந்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு வேலமரமும் மண்மேடும் வரைந்தாள். மேட்டில் ஒரு பொந்தும் போட்டாள். அது அவளுடைய சொந்த வளை.

காலையில் கீரி வந்தது. இந்தத் தடவை புகழவில்லை. படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடியது. வேலமரத்தைக் கண்டுபிடித்தது. மேட்டைச் சுற்றித் தேடியது. வெளியே ஒன்றும் கிடைக்காததால் பொந்துக்குள் மூக்கை நுழைத்தது.

உள்ளே சிலும்பன் வாசல் பக்கம் வாலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஏதோ உரசவும் முட்களைச் சிலிர்த்தான். மூக்கில் மூன்று முட்களோடு கீரி ஓடையைத் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு வரவே இல்லை.

"யாரது வந்தது?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டான் சிலும்பன்.

"படம் பாக்க வந்தவங்க" என்றாள் முள்ளி.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. நான்கு குஞ்சுகளும் தண்ணீர் ஓரத்தில் தத்தித் தத்தி ஓடின. ஆட்காட்டியே வந்து முள்ளியைக் கூப்பிட்டது. அவள் கோரைக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய், குஞ்சுகளை மட்டும் வரைந்தாள்.

நம்மைப் புகழ்கிறவர் நாம் செய்ததைப் பார்க்கிறாரா, தனக்கு வேண்டியதைத் தேடுகிறாரா என்று கவனித்த பிறகே மகிழ வேண்டும்.