வளர்கிற வண்டிக்கு ஒரு கவர்

தென்காசிக்கு மேற்கே, மலையை ஒட்டி, செவலைக்குறிச்சி என்று ஒரு ஊர் இருந்தது. சுற்றுப்பட்டு ஜனங்கள் செவலைக்குறிச்சி ஆட்களை எங்கே கண்டாலும் சிரிப்பார்கள். இவ்வளவு சிரித்த முகமான மனிதர்கள் அக்கம்பக்கத்தில் வாய்த்திருக்கிறார்களே என்று செவலைக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரே பெருமை.

அந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவன். முப்பது வயது, நல்லவன், சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்கிறவன். அவன் அக்கா பகவதியின் புருஷன் குத்தாலிங்கம், குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்தில் வேலை பார்த்தான். குத்தாலிங்கமும் செவலைக்குறிச்சியில் பிறந்தவன்தான். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் வெளியூர்த் தண்ணீர் குடித்தவன் என்பதால் அவன் பேச்சுக்கு ஊரில் தனி மரியாதை.

குத்தாலிங்கம் லடாக் போவதற்கென்றே ஒரு பெரிய டூரிங் பைக் வாங்கியிருந்தான். எருமைக்கிடா மாதிரி கனம். பின்னால் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள். அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து தானும் லடாக் போக வேண்டும் என்பது ஆவுடையப்பனின் ஆசை. அவன் சங்கரன்கோவிலைத் தாண்டி எங்கும் போனதில்லை. லடாக்கை நினைத்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

லீவு முடிந்து கிளம்பும்போது குத்தாலிங்கம் அவனைக் கூப்பிட்டான்.

“மாப்ளே, வண்டியை இங்க விட்டுட்டுப் போறேன். சாரல் ஆரம்பிக்கப் போவுது. நல்ல கவரா பாத்து மூடி வையி. மூணு விஷயம் சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒண்ணு, கவர் சரியான அளவா இருக்கணும். தொளதொளன்னு இருந்தா காத்துல அடிச்சு பெயிண்டைக் கீறிரும். ரெண்டு, இன்ஜின் சூடா இருக்கும்போது மூடக் கூடாது. மூணு, வண்டி மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. மூணு மாசம் கழிச்சு நான் வரும்போது வண்டி இப்படியே இருந்தா, உன்னைப் பின்னால ஏத்திக்கிட்டுத்தான் லடாக் போவேன்.”

“இல்லேன்னா அத்தான்?”

“இல்லேன்னா தனியா போவேன்.”

‘தனியா’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஆவுடையப்பன் வண்டிச் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டான்.

முதலில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றப் பார்த்தான். பெட்டிகள் இரண்டும் வாசல் நிலையில் இடித்தன. “பெட்டியைக் கழட்டிட்டு ஏத்தேன்லே” என்றாள் பகவதி. வண்டி இப்படியே இருக்க வேண்டும் என்பது அத்தான் போட்ட நிபந்தனை. ஆகவே ஆவுடையப்பன் வண்டியை முற்றத்திலேயே நிறுத்திவிட்டு, தன் கூட்டாளி கோமதிநாயகத்தைக் கூட்டிக்கொண்டு டெய்லர் சிவனணைஞ்சான் கடைக்குப் போனான். கோமதிநாயகம் கண்ணாடி போட்டவன். அதனால் எந்தக் காரியத்துக்கும் ஊரில் அவனைத்தான் யோசனை கேட்பார்கள்.

சிவனணைஞ்சான் விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். “அளவு கவர் எங்க?”

“அளவு கவரா?”

“அளவுச் சட்டை இல்லாம யாருக்காவது நான் சட்டை தைச்சிருக்கேனா? அளவு ஜாக்கெட் இல்லாம ஜாக்கெட் தைச்சிருக்கேனா? முப்பது வருசத் தொழில்ல டேப்பைக் கையால தொட்டதில்லே. பழசைப் பாத்துத்தான் புதுசு வெட்டணும்.”

“இந்த வண்டிக்கு இதுதான் மொதக் கவரு அண்ணாச்சி.”

“பொறந்த பிள்ளைக்கு எப்படித் தைக்கோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைச் சட்டையை வாங்கி அளவு பாப்போம். அது மாதிரி பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கியா.”

பக்கத்து வீட்டில் ஒரு சினைப்பசுதான் இருந்தது. அதற்குக் கவர் கிடையாது. மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வழி சொன்னான்.

“தென்காசியில இந்த வண்டிக்குன்னே ரெடிமேட் கவர் விக்கான். அச்சு அசலா பொருந்துத மாதிரி ஒண்ணு வாங்கியாந்து அண்ணாச்சிகிட்ட அளவுக்குக் குடுப்போம்.”

அளவு கவர் வாங்குவதற்கு வண்டியின் அளவு வேண்டும். டெய்லரே டேப்பைத் தொடாதபோது மற்றவர்கள் தொடுவது மரியாதையாக இருக்காது. ஆகவே கோமதிநாயகம் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தான். தலை முன் சக்கரத்துக்கு நேராக, குதிகால் பின் சக்கரத்துக்கு நேராக. அப்படியும் வண்டி இரண்டு சாண் மிஞ்சியது. “ஒரு கோமதிநாயகம், ரெண்டு சாண்” என்று ஆவுடையப்பன் மனப்பாடம் செய்துகொண்டான். கவர் வாங்கி முடிகிறவரை முடி வெட்டக் கூடாது என்று கோமதிநாயகத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான்.

தென்காசிக் கடையில் கோமதிநாயகம் நடுக்கூடத்தில் படுத்ததும் முதலாளி பதறிப்போய்ச் சோடா வாங்கிவரச் சொன்னார். விஷயம் புரிந்த பிறகு அவர் வண்டியின் பெயரைக் கேட்டார், மாடலைக் கேட்டார். பெட்டி வைத்த வண்டிக்கென்றே தைத்த கவர் ஒன்றை எடுத்துப் போட்டார். உள்ளே மெத்தென்ற துணி. வெளியே தண்ணீர் நிற்காத துணி. வண்டி வயிற்றுக்கடியில் கட்ட வார். புழுங்காமல் இருக்கக் காற்றுப் போக ஓட்டைகள்.

“நெருப்பு மழை பெய்ஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. கொண்டுபோய் மூடுங்க” என்றார்.

“இதை மூட மாட்டோம் அண்ணாச்சி. இது அளவுக்கு” என்றான் ஆவுடையப்பன்.

“எந்த அளவுக்கு?”

“இதைப் பாத்து வேற தைப்போம்.”

முதலாளி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதே சரியா இருக்கும்போது வேற எதுக்குத் தம்பி?”

“அளவுச் சட்டையைப் போட்டுக்கிட்டு யாராவது கல்யாணத்துக்குப் போவாங்களா?” என்றான் கோமதிநாயகம் தரையிலிருந்தபடியே. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதலாளியைப் பார்த்தால் அவனுக்குப் பாவமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் கவரை வண்டிமேல் போட்டுப் பார்த்தார்கள். தோல் மாதிரி பொருந்தியது. ஆவுடையப்பனுக்கு வாயெல்லாம் பல். “அளவுன்னா இதுல்லா அளவு!” என்று சொல்லி, உடனே கழற்றி, மடித்து, சிவனணைஞ்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

டெய்லர் தடிமனான தார்ப்பாயை விரித்து, கத்தரியை எடுத்தார்.

“வண்டிக்கு என்ன வயசாவுது?”

“ஒண்ணரை.”

“வளர்ற வயசு. உள்ள ஒரு சாண் மடிச்சு விடுதேன். பின்னால பிரிச்சுக்கலாம். கை எப்படி? முழுக்கையா, அரைக்கையா?”

அத்தான் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஆவுடையப்பன் விழித்தான். “மழைக்காலம்லா, முழுக்கையே வையுங்க” என்றான் கோமதிநாயகம். ஹேண்டில்பாருக்கு இரண்டு முழுக்கை என்று முடிவானது. கழுத்துக்கு ஒரு காலர். நெஞ்சில் ஒரு பை.

“பை எதுக்கு அண்ணாச்சி?”

“வண்டிச் சாவி வைக்க. திருட்டுப் பயலுவ எடுத்துரக் கூடாதுல்லா? பட்டனும் வச்சிருதேன்.”

தார்ப்பாயில் ஊசி ஓடவில்லை. ஒன்பது நாள் இழுத்தது. மூன்றாம் நாளே சாரல் இறங்கிவிட்டது. ஆவுடையப்பனும் கோமதிநாயகமும் வண்டிக்கு முன்னால் ஒரு குடை, பின்னால் ஒரு குடை, இரண்டு பெட்டிக்கும் இரண்டு குடை என்று ஆளுக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு முறை மாற்ற ஆளில்லாமல் நின்றார்கள். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். வண்டி நனையவில்லை.

பகவதிக்குப் பொறுக்கவில்லை. “ஏலே, தென்காசியில வாங்கினது எங்கலே போச்சு?”

“அது அளவுல இருக்குக்கா” என்றான் ஆவுடையப்பன், பல் கிடுகிடுக்க.

பத்தாம் நாள் தார்ப்பாய்க் கவர் வந்தது. கூடவே அளவு கவரும் வந்தது. அளவு கவரைப் பகவதி பத்திரமாக வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். புதுக் கவரைத் தூக்கிப் போடப் போகும்போது ஆவுடையப்பனுக்கு அத்தான் சொன்ன இரண்டாவது விஷயம் ஞாபகம் வந்தது.

“இன்ஜின் சூடா இருக்கான்னு பாரு.”

கோமதிநாயகம் தொட்டுப் பார்த்தான். “தெரியலயே. சூடுன்னா எம்புட்டுச் சூடுன்னு தெரிஞ்சாத்தான, இது சூடு இல்லேன்னு சொல்ல முடியும்?”

நியாயமாகத்தான் பட்டது. வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். கோமதிநாயகம் மறுபடி தொட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு குதித்தான். சூடு என்றால் என்ன என்பது நன்றாகத் தெரிந்துவிட்டது. பிறகு ஆறும்வரை காத்திருந்தார்கள். ஆறியதும், முன்னே இருந்த சூடும் இதே அளவுதானா என்று சந்தேகம் வந்தது. மறுபடி ஓடவிட்டார்கள். இப்படி ஒரு பகல் முழுக்கப் போய், பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் கவர் ஏறியது.

அடுத்தது மூன்றாவது விஷயம். ஒரு சொட்டும் படவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே நின்று பார்த்தால் கவர்தான் தெரிகிறது, வண்டி தெரியவில்லை. ஆகவே ஆவுடையப்பன் கவருக்குள் நுழைந்து வண்டிமேல் உட்கார்ந்தான். டெய்லர் பட்டன்களைப் போட்டு, அடியில் கயிறு கட்டினார். சாரல் சடசடவென்று அடித்தது.

“சொட்டுதாலே?”

“இல்ல அண்ணாச்சி!”

கால் மணி நேரம் போனது. உள்ளேயிருந்து ஒரு அலறல்.

“சொட்டுது! டேங்க் மேல சொட்டுது!”

அவசரமாக அவிழ்த்தார்கள். டேங்கில் நாலைந்து சொட்டு. ஆவுடையப்பன் வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் ஊற்ற, அழப்போகிறவன் மாதிரி நின்றான். லடாக் போயே போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியது. கோமதிநாயகம் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

“உப்புக் கரிக்கி.”

“மழைத்தண்ணி எப்படிலே கரிக்கும்?” என்றார் டெய்லர்.

“மேகம் கடல்லதான தண்ணி மோக்குது? இது அவசரத்துல வந்த மழை.”

டெய்லர் வெளியே கையை நீட்டி மழையைப் பிடித்துக் குடித்துப் பார்த்தார். அது கரிக்கவில்லை. காரியம் சிக்கலாகிவிட்டது. கோமதிநாயகம் உள்ளே போனான். அப்போதும் சொட்டியது. தன் தையலை நம்பி டெய்லரே உள்ளே போனார். அவர் கொஞ்சம் பெரிய உடம்புக்காரர். இன்னும் அதிகமாகச் சொட்டியது. கடைசியில் மூவரும் அலுத்துப்போய், டேங்கைத் துடைத்து, வெறும் வண்டியை மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து தூக்கிப் பார்த்தால் உள்ளே சருகாகக் காய்ந்திருந்தது.

கோமதிநாயகம் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தான்.

“ஆள் உள்ள இருந்தா ஒழுகுது. ஆள் இல்லேன்னா ஒழுகலே. அப்ப கவர்ல ஒரு குத்தமும் இல்லே. பாக்குததுலதான் குத்தம். இனிமே யாரும் பாக்கக் கூடாது.”

அன்றையிலிருந்து ஆவுடையப்பன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே வண்டி நனைகிறதோ என்று பயம். தூக்கிப் பார்த்தால் ஒழுகிவிடுமோ என்று அதைவிடப் பயம். மழை பெய்யும்போதெல்லாம் கவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கை துறுதுறுக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கவரின் காலரிடம் வாயை வைத்து “நல்லா இருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் கலங்கினான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான்.

எண்பத்தேழாம் நாள் குத்தாலிங்கம் வந்து இறங்கினான். சாரல் இன்னும் விட்டபாடில்லை. வீட்டுத் தாழ்வாரத்துக்கு வண்டியைக் கவரோடு நெருக்கித் தள்ளி, பட்டன் பட்டனாகக் கழற்றினார்கள். ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“மாப்ளே!” என்று சத்தம் வந்தது. “கண்ணைத் தொற. ஒரு சொட்டுத் தடம் இல்லேடா! கடையில இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கு.”

ஆவுடையப்பன் கண்ணைத் திறந்து பார்த்தான். வண்டி பளபளவென்று நின்றது. சந்தோஷத்தில் அத்தானைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். குத்தாலிங்கமும் தட்டிக்கொடுத்து, “சொன்னா சொன்னதுதான். நாளைக்கே லடாக்” என்றான்.

மறுநாள் காலை இருவரும் ஹெல்மெட், கனமான ஜாக்கெட், கையுறை, முட்டிக்குப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். வழியனுப்பக் கோமதிநாயகமும் டெய்லரும் வந்து நின்றார்கள். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. குத்தாலிங்கம் வண்டியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று.

“எண்பத்தேழு நாள் ஒரு சொட்டுப் படாம காப்பாத்தின வண்டி. இப்ப எடுத்தா நனைஞ்சிருமே மாப்ளே.”

“மழை விடட்டும்” என்றார் டெய்லர்.

“இங்க விட்டாலும் வழியில பெய்யும்லா?”

“லடாக்ல மழை உண்டா அத்தான்?” என்று கேட்டான் ஆவுடையப்பன்.

“மழை கம்மிதான். பனிதான் பெய்யும்.”

“பனி உருகினா தண்ணிதான” என்றான் கோமதிநாயகம்.

எண்பத்தேழு நாள் நல்லபடியாகக் காத்ததே ஆவுடையப்பனுக்கு வினையாக வந்து நிற்கிறது. அவன் ஹெல்மெட்டுக்குள்ளேயே விசும்பினான். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, கோமதிநாயகத்தைக் கேட்காமல் தானாகவே ஒரு யோசனை செய்தான்.

“அத்தான், நீங்க சொன்னது ரெண்டு விஷயம். வண்டி நனையக் கூடாது. உங்க பின்னால உக்காந்து நான் லடாக் வரணும். ரெண்டும் வேற வேறதான?”

குத்தாலிங்கம் அவனை ஆச்சரியத்தோடு பார்த்தான். “அதான!” என்றான்.

வண்டிக்கு மறுபடி கவரை மாட்டிப் பட்டன் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அங்கிருந்து ரயில். பஸ்ஸில் கூட்டமே இல்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின் சீட்டில் அதே வேஷத்தில் இன்னொருவர், கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, முன்னவர் தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறார். வளைவு வரும்போது இருவரும் சேர்ந்து சாய்கிறார்கள்.

“ஏன்வே பின்னால இருந்து இப்படிச் சிரமப்படுதீரு? அவரு பக்கத்துலதான் இடம் காலியாக் கெடக்கே, உக்காரும்!”

ஆவுடையப்பன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். அவன் முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

“பக்கத்துல உக்காந்தா கார்ல போற மாதிரி ஆயிரும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.