கட்டிலை விட்டு இறங்காத கலியமூர்த்தி

"கெட்ட கொழுப்பு இறங்கிடுச்சு மேடம். ஸ்டென்ட் நல்லா இருக்கு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பீடியையும் விட்டுட்டார். அப்புறம் ஏன் ரத்தத்துல இந்தப் புரதம் மட்டும் இவ்வளவு ஏறி நிக்குது?"

நாற்பது வயதில் இதய மருத்துவம் படிக்க வந்த குணாளன் தன் பேராசிரியை சுலேகாவிடம் இப்படிக் கேட்டான்.

"ரத்தக் குழாய்ல அழற்சி இன்னும் அடங்கலை போல."

"அப்படின்னா இன்னொரு அட்டாக் வருமா?"

"வரலாம்."

"வராமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

இதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று குணாளனுக்கு எரிச்சல் வந்தது.

நோயாளி கலியமூர்த்தி, அக்கரைப்பேட்டை மீன் வியாபாரி. "எல்லாம் சரியாகிடுச்சு, இது ஒண்ணுதான் இடிக்குது" என்று காலையில் அவரிடம் உளறிவைத்தவன் குணாளன்தான். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் மனுஷன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போறேன்" என்று ஒரே பிடிவாதம். கட்டிவைத்த பையோடு அவர் மனைவி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார்.

"நான் என்னன்னு சொல்லட்டும் மேடம்? ஆகாதுன்னா மாத்திரையை நிறுத்திடுவார். ஆகும்னா பயத்துலயே படுத்துடுவார்."

சுலேகா ஊசியை எடுத்தார்.

"கையை நீட்டுங்க."

ஒன்றும் புரியாமல் நீட்டினான். அவரே ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

மாலையில் முடிவு வந்தது. அந்தப் புரதம் கலியமூர்த்தியை விடக் குணாளனுக்கு அதிகம்.

தாளோடு சுலேகாவிடம் ஓடினான்.

"எனக்கு எதுக்கு மேடம் ஏறணும்? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"சளியா இருக்கலாம். பல் ஈறா இருக்கலாம். இதயமாவும் இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

"அதுவரைக்கும்?"

சுலேகா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பயமும் குழப்பமுமாக, கால் போன போக்கில் நடந்து வார்டில் வந்து நின்றான் குணாளன்.

கலியமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

"தெரியலைங்க. மாத்திரையை விடாம போட்டா ஆபத்து குறையும். கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும்." தயங்கினான். "எனக்கும் பார்த்தாங்க. உங்களை விட ஜாஸ்தி."

கலியமூர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீங்களும் இங்கேயே படுத்துக்கப் போறீங்களா?"

"அது எப்படிங்க? பொண்ணு மீன் குழம்பு கேட்டிருக்கா. மீன் வாங்கிட்டுப் போகணும்."

"இந்நேரத்துக்கு எங்க வாங்குவீங்க?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான்."

"ஐயையோ!" கலியமூர்த்தி கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார். "அது ஐஸ்ல கிடந்த மீனு சார். வாங்க என்கூட."