வலது பக்கக் கதவு

"மேடம், புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதா?" என்று கேட்டாள் கலாமணி.

"இண்டிகேட்டர் போடுங்கக்கா," என்றாள் மெஹருன்னிசா.

கலாமணி இண்டிகேட்டர் போட்டாள். வண்டி இடது பக்கம் திரும்பியது.

கரூரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள் மெஹருன்னிசா. முப்பதைக் கடந்து சில வருடம் இருக்கும். கலாமணி ஐம்பதைத் தாண்டியவள். ஆனாலும் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு இவள் 'மேடம்'.

மெஹர் அதிகம் பேசமாட்டாள். தப்புச் செய்தால் திட்டவும் மாட்டாள். பயிற்சி வண்டி என்பதால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மெதுவாக மிதிப்பாள். வண்டி நிற்கும். அதுதான் பாடம்.

அன்றைக்கு அவள் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. கலாமணி நன்றாகத்தான் ஓட்டினாள். பேச்சைத்தான் நிறுத்த முடியவில்லை.

"புதுசுன்னா நம்ம கைக்கு எட்டறது அந்த அடிமட்ட மாடல்தானுங்க. கண்ணாடியைக்கூடக் கையாலதான் சுத்தி இறக்கணும். அதே காசுக்குப் பழசுல எல்லா வசதியும் இருக்கற வண்டியா கிடைக்குது. ஆனா யாரு ஓட்டினது, எப்படி ஓட்டினது, எங்க இடிச்சதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"கியர்."

கலாமணி கியரை மாற்றினாள்.

"எங்க மேனேஜர், கண்ணை மூடிட்டுப் புதுசை வாங்குங்கறாரு. என்ற தம்பி, ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே பாதி விலைங்கறான். பக்கத்து வீட்டுல, பெட்ரோலே வேண்டாம், கேஸ் வண்டி வாங்குங்கறாங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறது?"

மெஹர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பான வண்டியை வாங்கிட்டா என்னங்க பண்றது மேடம்?"

"வேகத்தடை வருது," என்றாள் மெஹர்.

*

கலாமணிக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் படுக்கை விரிப்பை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் இழை விட்டுப் போயிருந்தால் தெரியும். எண்ணெய்ப் பொட்டு பட்டிருந்தால் தெரியும். இருபது வருடமாகக் குறையைத் தேடித் தேடிப் பழகிய கண்.

அந்தக் கண்ணோடுதான் அவள் கார் பார்க்கப் போனாள்.

ஒரு வண்டியில் கதவின் ஓரத்துப் பெயின்ட் நிறம் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மிதியடிக்குக் கீழே ஈர வாசம். ஒன்று ரொம்ப மலிவாக இருந்தது, அதுவே பயமாக இருந்தது. இன்னொன்றில் குறை எதுவும் கிடைக்கவில்லை. நன்றாக மறைத்திருக்கிறார்கள் என்று திரும்பி வந்துவிட்டாள்.

புது வண்டி பார்க்கப் போனால் ஷோரூம் பையன்கள் காபி கொடுத்தார்கள். அவள் காபியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

சின்ன வண்டிதான். நாலு பேர் உட்கார்ந்தால் போதும். இரண்டு பேர் உட்கார்ந்தாலே போதும்.

அந்த இரண்டாவது ஆள் அவள் கணவர் சென்னியப்பன்.

சென்னியப்பன் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். ஊரில் பாதிப் பேரைப் பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கூட்டிப் போனவர். ஓட்டியதெல்லாம் அடுத்தவர் வண்டி. 'ஒரு நாளைக்கு நம்ம வண்டியில போலாம் கலா' என்று சொல்வார். அவளுக்குப் பக்கத்து சீட் என்பார்.

தை மாதம் ஒரு காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

விடாமல் பிசியோதெரபிக்குக் கூட்டி வாருங்கள், ஆரம்ப மாதங்கள்தான் முக்கியம் என்றார் டாக்டர்.

ஆட்டோவில் போய் வந்தார்கள். ஒரு நாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சென்னியப்பனின் கால் மடங்கியது. கடை வீதியில், நாலு பேர் பார்க்க, வேட்டி அவிழ்ந்து கீழே கிடந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஆட்டோவில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

வலது கை விரல்கள் மெல்ல மெல்ல உள்பக்கமாக மடங்கிக்கொண்டு வந்தன. கலாமணி தினமும் எண்ணெய் போட்டு நீவி விரித்துவிடுவாள். மறுநாள் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

*

"இந்த ஞாயித்துக்கிழமை என்கூட வண்டி பார்க்க வர்றீங்களா மேடம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எடுத்துருவேன்."

"வரேன். ஆனா வார்த்தை சொல்லமாட்டேன்," என்றாள் மெஹர்.

பைபாஸ் ஓரத்தில் பழைய கார் விற்கும் இடம் அது. தகரக் கூரைக்குக் கீழே வண்டிகள் வரிசையாக நின்றன. கலாமணி ஏற்கெனவே இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போன சின்ன நீல வண்டி இன்னும் விற்காமல் இருந்தது.

அவள் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். பட்டப்பகலில் டார்ச் அடித்துச் சக்கரத்துக்கு உள்ளே பார்த்தாள். கதவு விளிம்பை விரலால் தடவினாள். டிக்கியைத் திறந்து மூக்கை வைத்து மோந்தாள். விற்பனைக்காரர் பொறுமையாக நின்றார்.

"ஓட்டிப் பாருங்கம்மா," என்று சாவியை நீட்டினார்.

கலாமணி சாவியை வாங்கி மெஹரிடம் கொடுத்தாள். இடது பக்கக் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டாள்.

மெஹர் சாவியைப் பார்த்தாள். கலாமணியைப் பார்த்தாள். பிறகு பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கதவைச் சாத்தினாள்.

முன்னால் வலது பக்க சீட் காலியாக இருந்தது.

கலாமணி திரும்பிப் பார்த்தாள். "மேடம்?"

மெஹர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிலில் வண்டிக்குள் சூடு ஏறியது. விற்பனைக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து கொஞ்ச தூரம் தள்ளிப் போனார்.

"போலாங்களா மேடம்?"

"போலாமே."

"அப்ப…"

"யாரு வரணும்னு உட்கார்ந்திருக்கோம்க்கா?"

கலாமணி பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அதன் உறையில் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இருந்தது.

இத்தனை வண்டி பார்த்திருக்கிறாள். ஒன்றில்கூட அந்தப் பக்கம் போய் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

டார்ச் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"அவருக்கு நான் வண்டி கத்துக்கறதே தெரியாதுங்க," என்றாள். "காலைல சீக்கிரம் வேலை இருக்குதுன்னு பொய் சொல்லிட்டுத்தான் வரேன். நான் ஓட்டறேன்னு சொன்னா, இனிமே உங்களால ஓட்ட முடியாதுன்னு நானே அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிருமுங்களே."

கலாமணி பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஒருவேளை சரியாயிட்டாருன்னா? நாலு மாசத்துல எந்திரிச்சு நடந்துட்டாருன்னா? அவசரப்பட்டுட்டேன்னு ஆயிராதுங்களா?"

மெஹர் முன்பக்கம் கையை நீட்டினாள். உள்ளங்கையில் சாவி.

கலாமணி அதை வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

*

அன்று சாயங்காலம் கணவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேனுங்க."

சென்னியப்பன் அவளையே பார்த்தார்.

"எப்ப… இருந்து?"

"ஆடியிலருந்துங்க."

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். வலது கை. அது வரவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோபமா, அழுகிறாரா என்று பின்னாலிருந்து பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. தட்டில் வைத்த இட்லி அப்படியே காய்ந்தது. அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் வகுப்பில் மெஹரிடம் சொன்னாள்.

"சொல்லிட்டேனுங்க மேடம். அவரு பேசவே மாட்டேங்கறாரு. நான் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"கிளட்ச்சை மெதுவா விடுங்க."

"ரத்தக் கொதிப்பு ஏறி மறுபடியும் ஏதாவது ஆயிருச்சுன்னா? டாக்டர் அவரு மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"மெதுவாக்கா. மெதுவா விட்டாத்தான் வண்டி குலுங்காது."

கலாமணி மெதுவாக விட்டாள். வண்டி குலுங்காமல் நகர்ந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் மிக்ஸி சத்தமும் தண்ணீர் சத்தமும்தான் இருந்தன. சென்னியப்பன் கொடுத்ததைச் சாப்பிட்டார். நீட்டிய மாத்திரையை விழுங்கினார். கலாமணி வேலையில் இருக்கும்போது பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று. செக்கிங் மேஜையில் முதல் முறையாக ஒரு கிழிந்த விரிப்பைக் கவனிக்காமல் விட்டாள். மேனேஜர் எடுத்துக் காட்டியபோது அதையே வெறித்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எந்த… வண்டி?"

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னும் எதுவும் முடிவு பண்ணலைங்க. நீங்க சொல்லாம எப்படி…"

"காட்டு."

அவ்வளவுதான் சொன்னார்.

காட்டு என்றால் எப்படிக் காட்டுவது? ஆட்டோவில் அவர் ஏறமாட்டார். பைபாஸ் வரை நடக்க முடியாது. அவள் மெஹருக்குப் போன் செய்தாள்.

"வண்டி வரட்டுமே," என்றாள் மெஹர்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீல வண்டி அவர்கள் தெருவுக்குள் வந்தது. மெஹர்தான் ஓட்டி வந்தாள். வாசலுக்கு நேராக நிறுத்தி, இறங்கி, ஒதுங்கி நின்றாள்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கலாமணி வாசலிலிருந்து உள்ளே திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பேர் முன்னால் அவர் மறுபடி விழுந்துவிட்டால், இனி அறையை விட்டே வெளியே வரமாட்டார்.

சென்னியப்பன் வந்தார். சட்டை போட்டிருந்தார். பொத்தான் ஒன்று மாறியிருந்தது. அவரே போட்டது. இடது கையில் ஊன்றுகோல். வலது காலைத் தரையோடு இழுத்து இழுத்து வந்தார்.

கலாமணி ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தாள். சீட்டைக் கையால் தட்டிவிட்டாள்.

"இது ரெண்டாவது ஆள் கைக்குப் போற வண்டிங்க. கதவுல இந்த ஓரத்துல பெயின்ட் கொஞ்சம் வித்தியாசமா இருக்குது, உங்களுக்கும் தெரியுதுங்களா? டயர் மாத்தணுமாம். வேண்டாம்னா திருப்பி அனுப்பிரலாம், ஒண்ணும் பிரச்சினையில்லை…"

அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

திறந்திருந்த கதவருகே வந்தார். நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போனார். ஊன்றுகோலால் முன் டயரை ஒரு தட்டுத் தட்டினார். பானெட்டைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் நடந்தார்.

அந்தப் பக்கம் வேண்டாமுங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது?

அவள் மெஹரைப் பார்த்தாள். 'நீங்களாவது சொல்லுங்க' என்பது போல.

மெஹர் அசையவில்லை.

சென்னியப்பன் ஊன்றுகோலை வண்டி மேல் சாய்த்து வைத்தார். இடது கையால் வலது பக்கக் கதவைத் திறந்தார். கதவு திறந்த வேகத்தில் ஊன்றுகோல் சரிந்து ரோட்டில் விழுந்தது. அவர் தள்ளாடிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

கலாமணி பாய்ந்தாள். மெஹர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விழுந்துருவாருங்க!"

மெஹர் பிடியை விடவில்லை.

சென்னியப்பன் மூச்சு வாங்க நின்றார். உள்ளே பார்த்தார். ஸ்டியரிங்கை, கியரை, மூன்று மிதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கலாமணி கண்களை மூடிக்கொண்டாள்.

'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அவர் தோளைக் கதவுச் சட்டத்தில் முட்டுக் கொடுத்துக் குனிந்திருந்தார். இடது கை சீட்டுக்கு அடியில் இருந்தது. அங்கிருந்த கம்பியைத் தூக்கிப் பிடித்து இழுத்தார். ஓட்டுகிறவர் சீட் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

நிமிர்ந்து கலாமணியைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை அளந்தார்.

மறுபடி குனிந்து சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.

கதவை விட்டு நகர்ந்து, வண்டியைப் பிடித்தபடி வழிவிட்டு நின்றார்.

"ஏறு," என்றார். "கால் எட்டுதா… பாரு."