சுவருக்கு வெளியே மூன்று நாடுகள்

முன்னொரு காலத்தில் செந்நிலை நாட்டைக் கொற்றவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நாடு பெரியது, அவர் கோபம் அதைவிடப் பெரியது. காலையில் ஒருவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்துவார். சாயங்காலம் அவனையே சிறையில் தள்ளச் சொல்வார்.

செந்நிலைக்கு மேற்கே மூன்று சிறிய நாடுகள். குன்றநாட்டைப் பூதன் ஆண்டார், உப்பங்கரையைச் சேந்தன் ஆண்டார், கோரைநாட்டை நீலாங்கி என்ற அரசி ஆண்டார். அதற்கும் மேற்கே மலை. மலையில் ஒரு கணவாய். அது வழியாகக் குதிரைக் கொள்ளையர் வருவார்கள். வந்து போனால் களஞ்சியமும் காலி, தொழுவமும் காலி. ஆகவே நான்கு நாடுகளும் சேர்ந்து கணவாயில் படை நிறுத்துவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன.

புதிதில் எல்லாரும் ஆள் அனுப்பினார்கள். அப்புறம் பூதன், "எங்கள் பக்கம் மழையே இல்லை" என்றார். சேந்தன், "மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன்" என்றார். நீலாங்கி காரணம் எதுவும் சொல்லவில்லை. தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதோடு சரி. கடைசியில் கணவாயில் வெயிலில் காய்ந்தது செந்நிலைப் படை மட்டும்தான்.

ஒருநாள் சபையில் ராஜா கொதித்தார். "என் படை காவல் நிற்க, அவர்கள் குறட்டை விடுவதா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்!"

சேனாபதி வில்லவராயன் எழுந்தான். ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி ஆதனாரைக் கேட்கிறாரே என்று அவனுக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். "உத்தரவு கொடுங்கள் மகாராஜா, மூன்று நாடுகளையும் பிடித்துவிடுகிறேன்."

"பிடித்த பிறகு அங்கே யார் காவல் இருப்பது?" என்று கேட்டார் ஆதனார்.

"நம் படைதான்."

"ஒரு கணவாய்க்கே ஆள் போதவில்லை என்கிறோம். மூன்று நாடுகளுக்கும் எங்கே போவீர்கள் சேனாபதி?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் நீரே செய்யும், மந்திரி! வருகிற பௌர்ணமிக்குள் அவர்கள் படை கணவாயில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உம்முடைய ஆசனத்தில் வில்லவராயன் உட்காருவான்."

"ஒரே ஒரு வரம் வேண்டும் அரசே. அவர்கள் முன்னால் நான் எது சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும்."

"ஆட்டுகிறேன், போம்!"

ஆதனார் மூன்று பேரையும் விருந்துக்கு அழைத்தார். விருந்து முடிந்ததும், "ஒரு நல்ல காரியம் நடக்கிறது, வந்து ஆசீர்வதியுங்கள்" என்று செந்நிலையின் மேற்கு எல்லைக்குக் கூட்டிப்போனார். ராஜாவும் சேனாபதியும் கூடவே வந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் கல் குவிந்து கிடந்தது. கொத்தர்கள் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோயிலா?" என்றார் பூதன்.

"சுவர். கணவாய் தூரம், அங்கே படை வைப்பது பெரும்பாடு. இங்கே சுவர் எழுப்பிவிட்டால் நூறு பேர் போதும். மகாராஜாவின் முடிவு. அப்படித்தானே அரசே?"

ராஜாவுக்கே அது புதுச் செய்தி. ஆனாலும் தலையாட்டினார்.

சேந்தன் கொத்தர்கள் பிடித்த நூலுக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "நாங்கள் வெளியே அல்லவா இருக்கிறோம்?"

"ஆமாம், வெளியேதான். கணவாய்க் காவல் உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்று நினைத்தோம்."

பூதனுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ, ஐந்நூறு பேர் அனுப்புகிறேன்! நாளைக்கே!" என்றார். "கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நானே வருகிறேன்" என்றார் சேந்தன்.

நீலாங்கி மட்டும் ஒரு கல்லின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். "நன்றாகக் கட்டுங்கள். ஆனால் செந்நிலைக்கு உப்பு வருவது உப்பங்கரையிலிருந்து, குதிரை வருவது குன்றநாட்டிலிருந்து. கொள்ளையர் புறப்பட்டால் முதலில் பார்த்துச் சொல்வது என் ஆட்கள். இதெல்லாம் இனிமேல் சுவருக்கு வெளியேதானே?"

ராஜாவின் தலை ஆடுவது நின்றது.

ஆதனார் கைகூப்பினார். "அரசி சொல்வது சரி. அப்படியிருந்தும் படையை ஏன் திரும்ப அழைத்துக்கொண்டீர்கள், தாயே?"

"முந்நூறு வில்லாளிகளை அனுப்பினேன். உங்கள் சேனாபதி அவர்களைத் தன் கூடாரத்துக்குத் தண்ணீர் சுமக்க வைத்தார். கணவாயில் பாதி இடம் அவருடைய மேளக்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும். ஏன் என்று கேட்டதற்கு, சிறிய நாட்டுக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றாராம்."

ராஜா மெல்லத் திரும்பினார். "வில்லவராயா?"

"மகாராஜா... படைக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா..." என்று இழுத்தான் அவன்.

"என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று ராஜா அரசியைக் கேட்டார்.

"உங்கள் கோபத்தைப் பற்றி எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும்."

கொத்தர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராஜா முகம் சிவந்தது. யாரைச் சிறையில் போடச் சொல்வாரோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சுவர் வேண்டாம். இனி கணவாயில் நாலு நாட்டுப் படையும் நிற்கும். தலைமை முறை வைத்து மாறும். முதல் முறை கோரைநாட்டுக்கு. வில்லவராயன் அங்கே சாதாரண வீரனாகப் போவான். மேளம் இல்லாமல்."

பௌர்ணமிக்கு முன்பே நான்கு கொடிகளும் கணவாயில் பறந்தன. அறுவடை முடிந்ததும் கொள்ளையர் வந்தார்கள். எதிர்மேட்டில் குதிரைகளை நிறுத்தி, நான்கு கொடிகளையும் வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு வந்த வழியே போய்விட்டார்கள்.

சேதி கேட்ட ராஜாவுக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. "ஓர் அம்புகூட எய்யவில்லையாமே! இத்தனை பேரை நிறுத்தியது எதற்கு, மந்திரி?"

"அதற்குத்தான் அரசே" என்றார் ஆதனார்.

ராஜா சிரித்துவிட்டார். அப்புறம் கையிலிருந்த ரத்தினக் கடகத்தைக் கழற்றி ஆதனார் கையில் போட்டார். சாயங்காலமானதும் அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.